சில்வர் வரிசைக் குர்மா

குர்மா புளித்துப் போயிருந்தது. வாயில் வைத்துப் பார்க்கவே தேவையில்லை. மூடியைத் திறந்ததுமே அனுஷியாவுக்குத் தெரிந்துவிட்டது. நேற்று கோல்டு வரிசைக்குச் செய்து மிஞ்சிய தேங்காய்க் குர்மா. ராத்திரி மூன்று மணி நேரம் கரண்ட் இல்லை. இப்போது அதில் நாலு தக்காளியும் கொத்தமல்லியும் போட்டு, புதிதாகத் தாளித்து, சில்வர் வரிசைக்கு என்று ஒதுக்கியிருந்தார்கள்.

மணி பதினொன்றரை. பன்னிரண்டுக்குச் சாப்பாட்டு மணி.

இராமநாதபுரத்துக்கும் மண்டபத்துக்கும் இடையே நெடுஞ்சாலை ஓரம் நிற்கும் இன்டர்நேஷனல் பள்ளி அது. மதியச் சாப்பாட்டில் இரண்டு பிளான். மாதம் நாலாயிரத்து எண்ணூறு கட்டினால் கோல்டு: அன்றைக்குச் செய்தது, பழம், ஐஸ்கிரீம். இரண்டாயிரத்து அறுநூறு கட்டினால் சில்வர்: முதல் நாள் மிஞ்சியதற்கு ஒரு புதுப் பெயர். அது பெற்றவர்களுக்குத் தெரியாது. வீட்டிலிருந்து டப்பா கொண்டுவரவும் கூடாது. எல்லாப் பிள்ளைகளும் ஒன்றாகச் சாப்பிட்டால்தான் சமத்துவம் வரும் என்று அட்மிஷன் அன்றே விளக்கிவிடுவார்கள். ஒன்றாகத்தான் சாப்பிட்டார்கள். ஒரே ஹாலில், நடுவே கயிறு கட்டிப் பிரித்த இரண்டு வரிசையில்.

பரிமாறுவதற்கு அரை மணி முன்னால் சமைக்கிறவர்களில் ஒருவர் தின்று பார்த்து, நோட்டில் 'இன்று சமைத்தது, நன்றாக உள்ளது' என்ற வரிக்குக் கீழே கையெழுத்துப் போட வேண்டும். இந்த மாதம் அனுஷியாவின் முறை. இதுவரை பழையதாக இருந்ததே தவிர கெட்டுப்போனதில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு போட்டிருந்தாள்.

கிச்சன் மேனேஜர் வீரமணி பேனாவை நீட்டினார். "போடும்மா."

"இது பழுதாப் போச்சு சார். பிள்ளையளுக்குக் குடுக்கேலாது."

"ரெண்டு ஸ்பூன் சர்க்கரையப் போடு, சரியாப் போகும்."

"சர்க்கரை போட்டா வாய்க்குத் தெரியாது. வயித்துக்குத் தெரியும்."

சப்பாத்தி சுட்டுக்கொண்டிருந்த, சிக்கல் ஊர்க்காரி மகேஸ்வரி வந்து முழங்கையால் இடித்தாள். "ஏண்டி, நமக்கெதுக்கு வம்பு? கிறுக்கிப்போட்டு வா. இங்கன நாலு வருசமா இதான நடக்குது."

"நாலு வருசம் நடந்தா நல்லதாப் போயிடுமா அக்கா?"

வீரமணி சிரித்தார். "கேம்ப்ல ரேஷன் அரிசி தின்னு வளந்தவதான நீ? அது மட்டும் மணந்துச்சாக்கும்."

அனுஷியா மண்டபம் இலங்கை அகதிகள் முகாமிலேயே பிறந்தவள். வயது முப்பத்திரண்டு. கணவன் சுகந்தனுக்குப் பெயிண்ட் அடிக்கும் வேலை. வாரத்தில் மூன்று நாள் கிடைத்தால் அதிசயம். வீட்டில் அடுப்பு எரிவது இவள் சம்பளத்தில். அது தெரிந்துதான் வீரமணி பேசினார். புழுத்த அரிசியும் அவள் தின்றிருக்கிறாள். ஆனால் அதை யாரும் அவளுக்கு மாதம் இரண்டாயிரத்து அறுநூறுக்கு விற்கவில்லை.

"போட மாட்டன்."

"சரி, விடு." அவரே நோட்டை இழுத்து, சில்வர் கட்டத்தில் 'அனுஷியா' என்று நிதானமாக எழுதினார். "ஆச்சு. நாளைக்கு ஏதாச்சும் ஒண்ணுன்னா யார் பேரு இருக்குன்னு பாத்துக்க."

சில்வரில் நூற்றுப்பத்துப் பிள்ளைகள். ஒன்றுக்கு வாந்தி வந்தாலும் சமைத்தவள், ருசி பார்த்தவள், சான்று சொன்னவள் எல்லாம் இவள்.

வீரமணி போன் பேச வெளியே போனார். அந்த இரண்டு நிமிடம் போதுமாக இருந்தது. ஒரு டப்பாவில் கொஞ்சம் குர்மாவை ஊற்றி மூடினாள். மிச்சத்தை அண்டாவோடு இழுத்துப்போய்க் கழிவுத் தொட்டியில் கவிழ்த்தாள். பிறகு கோல்டு குர்மாவில் பாதியைப் பிரிக்கப் பாத்திரத்தைத் தூக்கினாள், கனத்தது. மகேஸ்வரி தலையில் அடித்துக்கொண்டாள். அடித்துக்கொண்டே வந்து பாத்திரத்தின் மறுபக்கத்துக் காதைப் பிடித்தாள்.

மணி அடித்தது. இரண்டு வரிசையிலும் ஒரே குர்மா. கயிற்றுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பிள்ளைகள் கேரட்டைப் பொறுக்கி ஓரமாக ஒதுக்கின.

இரண்டரை மணிக்கு ஆபீஸுக்குக் கூப்பிட்டு, வீரமணி ஒரு தாளைப் படித்தார். கோல்டு பிளான் உணவை அனுமதியின்றிச் சில்வர் மாணவர்களுக்கு வழங்கிய குற்றம். இன்றோடு வேலை இல்லை.

"புளிச்ச கதை இதில இல்லையே சார்?"

"புளிச்சுதா? எங்க இருக்கு? நீதான கொட்டிட்ட."

"என்ர பேர நீங்கள் எழுதினதும் இதில இல்லையே."

"கெளம்பு, கெளம்பு. கேம்ப் ஆளுங்கன்னு பாவம் பாத்து வேல குடுத்தா இப்பிடித்தான்."

பாவம் பார்த்தார்களாம். காலை ஆறு மணியிலிருந்து முந்நூறு பேருக்குப் பொங்கிப் போட்டதற்கு அவர் வைத்த பெயர் அது. அனுஷியா டப்பாவை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். பஸ் ஸ்டாப்புக்குப் போகவில்லை. கேட்டுக்கு எதிரே, பெற்றோர் வண்டி நிறுத்தும் கருவேல நிழலில் போய் நின்றாள்.

மூன்றரைக்கு முதல் பைக் வந்தது. மலையாண்டி, ஆர்.எஸ்.மங்கலத்தில் நெல் போடுகிறவர். மகள் படிப்புக்காக இராமநாதபுரத்தில் வாடகைக்கு வீடு பிடித்திருந்தார். ஆண்டு விழாவில் பார்த்த முகம்.

"அய்யா, உங்கட பிள்ளை சில்வர்தானே?"

"ஆமா. ஏம்மா, பணம் எதுவும் பாக்கியா?"

"இல்லை. இத மணந்து பாருங்கோ." டப்பாவைத் திறந்தாள். "இண்டைக்கு உங்கட பிள்ளைக்கு வச்சிருந்தது."

குனிந்தவரின் முகம் சட்டென்று பின்வாங்கியது. நம்ப முடியாமல் மறுபடி குனிந்தார்.

"எம்மக தின்னுட்டாளா?"

"இல்லை. நான் குடுக்கேல்ல. அதுக்குத்தான் என்னை வேலையால நிப்பாட்டிப் போட்டினம்."

"நேத்து?"

நேற்றைய கட்டத்தில் இருந்தது அனுஷியாவே போட்ட கையெழுத்து. தலையைக் குனிந்துகொண்டாள்.

மலையாண்டி வண்டியை அணைத்தார். பின்னால் வந்துகொண்டிருந்த இரண்டு பைக்குகளுக்குக் குறுக்கே கையை நீட்டினார்.

"ஏலே மாரீஸ்வரா, வண்டிய நிப்பாட்டு. பிள்ளைகளக் கூப்பிடுறது இருக்கட்டும். மொதல்ல இங்கன வந்து இத மோந்து பாரு."