வலது கண்ணின் மனப்பாடம்

இடது கண்ணை எப்படியாவது ஒளித்துவிட வேண்டும். கிள்ளான் லிட்டில் இந்தியாவில், கண்ணாடிக் கடைக் கதவைத் தள்ளியபோது ரமணியின் மனதில் அது ஒன்றுதான் இருந்தது.

காப்பாரில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் பதினேழு வருடமாக அவளுக்கு ஓட்டை பார்க்கும் வேலை. ரப்பர் கையுறையில் காற்றை ஊதி, விளக்குக்கு முன்னால் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஊசி முனையளவு ஓட்டை இருந்தாலும் தூக்கிப் போட வேண்டும். எட்டு மணி நேரமும் நின்றபடிதான். கால் வீங்கும், இடுப்பு கழன்றுபோகும். கண் மட்டும் ஒருநாளும் அவளைக் கைவிட்டதில்லை. "ரமணி கண்ணு பூதக்கண்ணாடி லா" என்று லைனில் பேர்.

இந்த வருடம் நிர்வாகம் மாறியது. நாற்பத்தைந்து வயதைத் தாண்டியவர்கள் கண் பரிசோதித்து ஸ்லிப் கொண்டுவர வேண்டும் என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். இரண்டு கண்ணும் சரி என்று எழுதியிருந்தால்தான் ஒப்பந்தம் நீளும். நாளை வெள்ளிக்கிழமை கடைசி நாள். புருஷன் தம்புசாமி லோரியிலிருந்து விழுந்து முதுகு ஒடிந்து மூன்று வருடமாகப் படுக்கை. அவள் வேலைக்குப் போனால்தான் வீட்டில் உலை கொதிக்கும்.

நோட்டீஸ் ஒட்டிய அதே வாரம்தான் இடது கண்ணுக்குள் மின்னல் வெட்டியது. இருட்டில் பளிச் பளிச்சென்று. மறுநாள் கரும்புள்ளிகள் கொசுக்கூட்டம் மாதிரி மிதந்தன. அப்புறம் இடது ஓரத்திலிருந்து ஒரு நிழல், கடை ஷட்டரைப் பக்கவாட்டில் இழுப்பது போல் நாளுக்குக் கொஞ்சமாக உள்ளே வந்தது. இன்றோடு ஒன்பது நாள். லைனில் பக்கத்தில் நிற்கும் மலரிடம் மட்டும் சொன்னாள்.

"வாயத் தொறந்துடாத," என்றாள் மலர். "வலது கண்ணால படிக்கச் சொல்லுவாங்கல்ல, அப்பவே கடைசி வரிய மனசுல போட்டுக்க. இடது கண்ணுக்கும் அதையே ஒப்பிச்சுடு. போற கடையிலெல்லாம் நான் அப்படித்தான். என் கண்ணு எப்படியிருக்குன்னு எனக்கே தெரியாது, போ!"

கடையில் கண் பார்க்கும் பெண்ணின் பேர் தஸ்லீமா. முப்பது வயதுக்குள் இருக்கும், முக்காடு போட்டிருந்தாள். உட்கார வைத்து ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

"சர்க்கரை இருக்கா ஆன்டி?"

"இல்ல."

"கண்ணுல மின்னல் மாதிரி, பூச்சி பறக்குற மாதிரி, நெழல் ஏதாவது?"

போலீஸ்காரன் கேட்பது போல் இருந்தது ரமணிக்கு. "ஒண்ணும் இல்லம்மா. கண்ணு முத்து மாதிரி."

வலது கண்ணில் தொடங்கினார்கள். எதிர்த் திரையில் எழுத்துகள். கடைசி வரியை ஒரு மூச்சில் படித்தாள் ரமணி: ஹெச், கே, வி, ஓ, எஸ். படித்ததை வாய்க்குள் மறுபடி மறுபடி மென்றாள். தஸ்லீமா கண்ணாடிச் சில்லுகளை மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்டாள், "ஒண்ணு தெளிவா, ரெண்டு தெளிவா?"

ரமணி திரையைப் பார்க்கவில்லை. அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தாள், விடை அங்கே இருக்கும் என்று.

"ரெண்டு... இல்ல, ஒண்ணு. எதும்மா சரி?"

"இது பரீட்சை இல்ல ஆன்டி. உங்களுக்கு எப்படித் தெரியுதோ அதச் சொல்லுங்க, போதும். பெயிலாக்க மாட்டேன்," என்று சிரித்தாள் தஸ்லீமா.

உனக்கென்ன, சொல்லுவாய் என்று நினைத்துக்கொண்டாள் ரமணி.

பிறகு வலது கண்ணை மூடினார்கள். இடது பக்கம் முழுக்கக் கறுப்பு. மிச்சமிருந்த இடத்தில் வெள்ளையாக ஏதோ தண்ணீருக்கடியில் கிடப்பது போல் நெளிந்தது.

"கடைசி வரி ஆன்டி. தெரியலன்னா தெரியலன்னு சொல்லுங்க."

"ஹெச். கே. வி. ஓ. எஸ்." தடங்கல் இல்லாமல் சொன்னாள் ரமணி.

தஸ்லீமா விளக்கைப் போட்டாள்.

"ஆன்டி, இப்ப தெரையில இருக்கறது எழுத்து இல்ல. நம்பர்."

ரமணி எழுந்து அந்தப் பெண்ணின் கையைப் பிடித்தாள். "நாளைக்கு ஸ்லிப் குடுக்கணும்மா. ரெண்டும் சரின்னு மட்டும் எழுதிக் குடு. அடுத்த வாரம் நானே ஆஸ்பத்திரிக்குப் போறேன், சத்தியமா. அந்த மனுசன் படுத்த படுக்கைம்மா, எனக்கு வேற நாதியில்ல."

"மொதல்ல உக்காருங்க. எத்தன நாளா இப்படி?"

ஒன்பது நாள் கதையும் அப்போதுதான் வாயிலிருந்து கொட்டியது. தஸ்லீமா கருவியை இழுத்து வைத்து வெகுநேரம் உள்ளே பார்த்தாள். பார்த்துவிட்டு நிமிர்ந்த முகத்தில் பழைய சிரிப்பு இல்லை.

"கண்ணுக்குப் பின்னாடி ஒரு சவ்வு இருக்கு, சுவத்துல ஒட்டுன காகிதம் மாதிரி. அது உரிஞ்சுக்கிட்டு வர்ற மாதிரி தெரியுது. நடுவுல, நேராப் பாக்குற எடத்துல, இன்னும் ஒட்டியிருக்கான்னு டாக்டர்தான் பாக்கணும். இன்னிக்கே பெரியாஸ்பத்திரிக்குப் போங்க. லெட்டர் எழுதித் தரேன். ஆபரேசன் பண்ணுவாங்களா இருக்கும், அதனால ஒண்ணும் சாப்பிடாதீங்க. வலது கண்ணையும் பாக்கச் சொல்லுங்க, அதுக்கும் வரலாம்."

"மொத நாளே வந்திருந்தா?"

தஸ்லீமா கடிதத்தில் கண்ணை வைத்தபடி சொன்னாள். "வெறும் கிழிசலா இருந்திருந்தா லேசர் அடிச்சு அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பாங்க."

"ஸ்லிப்பு?"

"எழுத மாட்டேன் ஆன்டி. அடுத்த வாரம்னு நீங்க போறப்போ அந்தக் கண்ணு இருக்காது."

ரமணி கடிதத்தைப் பைக்குள் திணித்துக்கொண்டு வெளியே வந்தாள். கடை முன்னால் அஞ்சடி நடைபாதையில் நின்று மலருக்குப் போன் போட்டாள். விஷயத்தைக் கேட்டதும் மலர் சிரித்தாள்.

"படிச்ச பொண்ணுகிட்ட ஏன்டி போன? மேரு ரோட்டுல ஒரு சீன அங்கிள் கடை இருக்கு. சுவத்துல ஒரே அட்டைதான், எத்தன வருசமானாலும் அதே எழுத்து. அங்க போ. கடைசி வரி நான் சொல்றேன், சொல்லிக்கிட்டே நட. டி, இ, எஃப், பி, ஓ, டி, இ, சி."

"டி, இ, எஃப், பி..."

உதடு முணுமுணுக்க பஸ் நிற்கும் எதிர்ப்பக்கத்துக்குத் தெருவில் இறங்கினாள். நான்கு அடி எடுத்து வைத்திருப்பாள். பிரேக் கிறீச்சிட்டது. மோட்டார் சைக்கிள் ஒன்று அவள் சேலை முந்தானையை உரசிக்கொண்டு, சாய்ந்து, எப்படியோ நிமிர்ந்தது.

"மாக்சிக்! மாத்தா லெத்தாக் மானா?" ஆன்டி, கண்ணை எங்கே வைத்திருக்கிறாய் என்று ஓட்டியவன் மலாயில் கத்திவிட்டுப் போனான்.

அவன் வந்தது இடப்பக்கம். ரமணிக்கு வண்டியே தெரியவில்லை, சத்தம்தான் கேட்டது. திரும்பி வந்து நடைபாதை ஓரத்திலேயே உட்கார்ந்தாள். போனில் மலர் கத்திக்கொண்டிருந்தாள்.

"ரமணி! என்னாடி சத்தம்? எழுத்து ஞாபகமிருக்கா?"

"மலரு, நான் ஆஸ்பத்திரிக்குப் போறேன்."

"பைத்தியமா ஒனக்கு? நாளைக்கு ஸ்லிப் இல்லன்னா வேல போச்சு!"

"போகட்டும். அந்த மனுசனுக்கு மூத்திரத் துணி மாத்தவாச்சும் எனக்கு ஒரு கண்ணு வேணும்ல?"

ரமணி போனை வைத்துவிட்டு ஒரு வாடகைக் காரைக் கைகாட்டி நிறுத்தினாள்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் ஒரு மேம்பாலத்தை நெருங்கும்போது நெரிசல். முன்னால் ஒரு கொள்கலன் லோரி பாறை போல் நின்றது. பின் இருக்கையில் இருந்த ரமணி வலது கண்ணை உள்ளங்கையால் மூடிப் பார்த்தாள். முன்னால் இடது இருக்கை இல்லை. ஓட்டுநரின் இடது தோள் இல்லை. அவர் தலை மட்டும் கலங்கலாகத் தெரிந்தது.

"அண்ணே, கொஞ்சம் சீக்கிரம் போங்கண்ணே."

"ஜாம் லா அக்கா. பறக்கவா முடியும்?"

கையை எடுத்தாள். வயிற்றில் பசி கிள்ளியது. பைக்குள் தண்ணீர் பாட்டில் இருந்தது, தொடவில்லை. லோரி ஒரு முழம் நகர்ந்து மறுபடி நின்றது. உள்ளங்கையை மீண்டும் வலது கண்ணில் வைத்தாள்.

ஓட்டுநரின் தலை பாதிதான் இருந்தது.