வால் முளைத்த கோப்பு

1

இந்தக் கதை எனக்குப் போனில் வந்தது. தர்மபுரியில் ஒரு தனியார் ரத்த வங்கியில் கம்ப்யூட்டர் பார்க்கும் என் தங்கை சோபனா, "அண்ணா, கெடச்சிருச்சு!" என்று கத்தினாள். என்ன கிடைத்தது என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் நான் பேனாவைத் தேட ஆரம்பித்துவிட்டேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'வெயில் சாய்ந்துகொண்டிருந்த ஒரு மாலையில்...' (வேண்டாம். ஒருத்திக்கு ரத்தம் போய்க்கொண்டிருக்கும்போது வெயில் எதற்கு?)

2

அந்த ஒருத்தி சுகுணா. பிரசவ அறுவையில் ரத்தப்போக்கு நிற்கவில்லை. அவளுடையது பாம்பே குரூப் என்னும் மிக அரிய வகை. அதே வகை ரத்தம்தான் சேரும். வங்கியில் ஒரு பைகூட இல்லை. கொடுக்கக்கூடியவர்களின் போன் எண்கள் சோபனாவின் கம்ப்யூட்டரில் இருந்தன. அன்று காலைதான் அதை இயக்கும் லினக்ஸின் புதுப் பதிப்பை ஏற்றியிருந்தாள். இப்போது அந்த எண்கள் இருந்த டேட்டாபேஸ் திறக்க மறுத்தது: libaio.so.1 என்ற கோப்பைக் காணோமாம்.*

* டேட்டாபேஸ் எல்லா வேலையையும் தானே செய்யாது. சிலவற்றுக்கு வெளியே இருக்கும் பொதுக் கோப்புகளைக் கூப்பிடும். அவைதான் லைப்ரரி. ஒன்று வராவிட்டாலும் எழுந்திருக்காது.

"இன்னைக்குன்னு பாத்துத்தான் மாத்தணுமா?" என்றார் லேப் டெக்னீஷியன் சகாயமேரி. அடுத்த நொடியே அவள் தோளில் கைவைத்து, "சரி, பதறாத. பாரு" என்றார்.

3

(இந்த இடத்தில் சோபனாவை அழவைக்கலாமா என்று மறுபடி போன் போட்டுக் கேட்டேன். "அழறதுக்கு ஏதுண்ணா நேரம்?" என்றாள்.)

அந்த லைப்ரரியை நிறுவப் பார்த்தாள். 'ஏற்கெனவே இருக்கிறது' என்றது கம்ப்யூட்டர். இருக்கிறதாம், ஆனால் காணோமாம்! அவளுடைய விரல்கள் ஒரு... (இந்த வாக்கியம் போகட்டும்.) லைப்ரரிகள் கிடக்கும் ஃபோல்டரைத் திறந்து ஒவ்வொரு பெயராகப் படித்தாள்.

"அக்கா! இங்கயேதான் இருக்குது! பேரத்தான் மாத்தி வெச்சிருக்கானுங்க!"

libaio.so.1t64. புது லினக்ஸில் பெயருக்கு ஒரு வால் முளைத்திருந்தது. டேட்டாபேஸோ பழைய பெயரைச் சொல்லியே கூப்பிட்டுக்கொண்டிருந்தது. பழைய பெயரில் ஓர் இணைப்பை உண்டாக்கி, வால் முளைத்த கோப்பின் பக்கம் திருப்பிவிட்டாள். டேட்டாபேஸை மீண்டும் கிளப்பினாள்.

திறந்தது!

4

பட்டியலில் இருந்த பாம்பே குரூப்காரர்களைச் சோபனா கூப்பிட்டாள். தொப்பூரில் சாப்பாட்டுக் கடை நடத்தும் கிருஷ்ணப்பன் போனை எடுத்தார். "கல்லாவுல வூட்டுக்காரிய உக்கார வெச்சுட்டு வந்துர்றேனுங்க. வாசல்லயே லாரி நிக்குது, ஏறிக்கறேன்."

வந்தார். சோதனை முடிந்து ரத்தம் கொடுத்தார். சட்டைக் கையை இறக்கியபடி, "யாரு என்னன்னு கேக்கலீங்க. பொழச்சுட்டா மட்டும் ஒரு போன் போடுங்க" என்றார்.

5

முடிவு ஒன்று: மருத்துவர் வெளியே வந்து தலையை... (அடித்துவிட்டேன். எழுதினால் சோபனா என்னோடு பேசமாட்டாள்.)

முடிவு இரண்டு, நடந்தது: சுகுணா கண் விழித்துக் குழந்தையைக் கேட்டாள். ஆஸ்பத்திரியிலிருந்து செய்தி வந்ததுமே சோபனா கிருஷ்ணப்பனைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, பொழச்சுட்டாங்க! பொண்ணு பொறந்திருக்குது!"

அந்தப் பக்கம் தோசைக்கல் சத்தம், கணவாய் இறங்கும் லாரிகளின் ஹாரன். பிறகு கிருஷ்ணப்பன் ஏதோ சொன்னார். என்னவென்று கேட்டால் சோபனா சிரிக்கிறாள், சொல்வதில்லை. நான் சில வசனங்கள் எழுதிப் பார்த்தேன்; எல்லாம் என் குரலிலேயே இருக்கின்றன. நீங்கள் தொப்பூரில் பஸ்ஸை விட்டு இறங்கிச் சாப்பிட்டிருப்பீர்கள். அந்தக் குரல் உங்களுக்குத் தெரியும். எழுதுங்கள்.

கிருஷ்ணப்பன் சொன்னார்: "