சாட்சி இல்லாத கச்சேரி

நீலக் கோடு போட்ட சட்டையை அவள் தேய்த்துக்கொண்டிருந்தாள். மகள் இரண்டு தடவை வந்து இஸ்திரிப் பெட்டியை வாங்கப் பார்த்தாள். கொடுக்கவில்லை.

"காலர் சரியா வரலேன்னா உங்கப்பாவுக்குப் பிடிக்காது."

"நேத்துலேருந்து கண்ண மூடல நீ. கொஞ்ச நேரம் படும்மா."

"இத முடிச்சிட்டு."

அது கச்சேரிச் சட்டை. வேறெதற்கும் அவர் அதைப் போடமாட்டார். கல்யாணமான நாளிலிருந்து அந்த மாதிரி ஒன்றைத் தேய்த்துக் கொடுத்து, வாசல்வரை வந்து அனுப்பிவைத்துவிட்டு உள்ளே திரும்புவது அவளுக்குப் பழக்கம். இன்றைக்கு அதைப் போட்டுக்கொள்ள வேண்டியவர் முன்னறைக் கட்டிலில் கிடந்தார். நேற்று மதியம் சாப்பிட்டுக் கை கழுவ எழுந்தவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குப் போகும்போதே முடிந்துவிட்டது. இன்று காலையில்தான் வீட்டுக்குக் கொடுத்தார்கள். மூன்று மணிக்கு வண்டி வரும்.

வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தத்துக்கு முன்னால் சண்டைச் சத்தம் கேட்டது. யார் வருகிறார்கள் என்று எட்டிப்பார்க்கத் தேவையில்லை.

"இங்கயாவது அடக்கி வாசிடா."

"நான் என்ன சத்தமா பேசினேன்? நீதான் கத்தற."

கணக்கு வாத்தியார், தபால்காரர், பல் டாக்டர். பல் டாக்டரை மற்றவர்கள் 'பல்லு' என்றுதான் கூப்பிடுவார்கள். கட்டிலில் படுத்திருந்தவர் நாற்பது வருடம் மாடிக் கட்டடங்களில் லிஃப்ட் ரிப்பேர் பார்த்தவர்; அவர் இவர்களுக்கு 'லிஃப்டு'. இந்த நால்வரும் சேர்ந்து கேட்காத பாட்டுக்காரர் இல்லை. அந்த மேடைகளின் கணக்கை எடுத்தால், வேலைக்குப் போன நாளைவிடக் கச்சேரிக்குப் போன நாள் அதிகமாக இருக்குமோ என்று அவள் பலமுறை சந்தேகப்பட்டதுண்டு.

மூவரும் உள்ளே வந்து கட்டிலருகே நின்றார்கள். பல்லு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார், மறுபடி கழற்றினார்.

"அண்ணா, சட்டைய மாட்டணும். கொஞ்சம் பிடிங்க," என்றாள் அவள்.

நான்கு பேருமாகச் சேர்ந்து மாட்டினார்கள். பொத்தான்களை அவளே போட்டாள். தபால்காரர் கைகளை முழங்கைவரை மடித்துவிட்டார். லிஃப்டு அப்படித்தான் மடித்துக்கொள்வாராம், முதல் பாட்டு முடிந்ததும். அவளுக்கு அது தெரியாது. மடிப்புக் கலையாமல் அனுப்பிய சட்டை கசங்கித் திரும்பி வருவதைத்தான் அவள் பார்த்திருக்கிறாள்.

அது ஒரு பழைய உறுத்தல். இத்தனை வருடத்தில் ஒரே ஒரு தடவைதான் அவர் அவளைக் கூட்டிக்கொண்டு போனார். முப்பத்தொரு வருடத்துக்கு முன்னால். அதற்குப் பிறகு ஒரு நாளும் 'நீயும் வா' என்று கூப்பிடவில்லை. ஏன் என்று அவளுக்குத் தெரியும், அல்லது தெரியும் என்று நினைத்திருந்தாள். தன்னால் அவருக்கு வெட்கமாகிவிட்டது. வாய்விட்டுக் கேட்டிருந்தால் ஒரு நிமிட வேலை. இன்றைக்குக் கேட்கலாம், நாளைக்குக் கேட்கலாம் என்று தள்ளித் தள்ளியே, கேட்க ஆள் இல்லாமல் போய்விட்டது.

மூவரும் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்தார்கள். அவர்கள் சேர்ந்தாற்போல் ஐந்து நிமிடம் பேசாமல் இருந்து அவள் பார்த்ததில்லை. ஆறாவது நிமிடம் தபால்காரருக்குத் தாங்கவில்லை.

"மழைக் கச்சேரில இவன் நாற்காலிய தலைமேல கவுத்துக்கிட்டு உட்கார்ந்திருந்தானே, ஞாபகம் இருக்கா?"

"நாற்காலி என்னுது," என்றார் பல்லு. "நான் நனைஞ்சேன்."

"அந்தம்மா மேடைலேருந்து, 'நீங்க போகலேன்னா நானும் போகல'ன்னு சொன்னாங்க பாரு..."

"ஒருத்தன் எழுந்திருக்கலடா."

பேச்சு பிடித்துக்கொண்டது. கரண்டு போய், மைக் இல்லாமல் ஒரு மணி நேரம் பாடிய கச்சேரி வந்தது. அன்றைக்குப் பல்லுவுக்கு இருமல். இருமினால் மூவாயிரம் பேர் அடிப்பார்கள் என்று பயந்து கைக்குட்டையை வாயில் திணித்துக்கொண்டு, மூச்சுமுட்டிக் கண் பிதுங்கி, கடைசியில் லிஃப்டுதான் அவரைத் தோளில் சாய்த்து வெளியே இழுத்துப்போனாராம். அப்புறம் லிஃப்ட் கச்சேரி. பெரிய பாடகி ஒருவர் ஹோட்டல் லிஃப்டில் மாட்டிக்கொண்டார். மேலே உட்கார்ந்து இவர் ரிப்பேர் பார்க்க, பயம் தெரியாமல் இருக்க அந்தம்மா உள்ளே மெல்லப் பாட ஆரம்பித்தார். பத்து நிமிட வேலைக்கு லிஃப்டு முக்கால் மணி நேரம் எடுத்துக்கொண்டார்.

"ஒரு ஸ்க்ரூவ மூணு தடவ கழட்டி மாட்டினேன்னு அவனே ஒத்துக்கிட்டான்," என்றார் தபால்காரர்.

சமையலறையிலிருந்து வந்த மகள் சிரித்துவிட்டுச் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். "சிரிம்மா, சிரி. அவன் இருந்தா இதுக்குள்ள ரெண்டு தடவ சிரிச்சிருப்பான்," என்றார் பல்லு. சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் குரல் உடைந்தது.

"லிஃப்ட் கச்சேரி நாலாவது இடம்," என்றார் வாத்தியார் கண்டிப்பாக. "வாட்ச்மேனும் கேட்டான். அதனால செல்லும்."

இவர்களிடம் ஒரு பட்டியல் இருந்தது. வாழ்நாளில் கேட்டவற்றில் சிறந்த கச்சேரிகள், வரிசையாக. அதற்கு ஒரு சட்டமும் இருந்தது: ஒரு கச்சேரி பட்டியலில் ஏற வேண்டுமானால் அதை நேரில் கேட்டவர்கள் குறைந்தது இரண்டு பேர் வேண்டும். பல்லு செய்த கூத்தால் வந்த சட்டம் அது. விடிய விடிய நடந்த ஒரு கச்சேரியைப் பற்றி அவர் ஒரு வருடம் அளந்துகொண்டிருந்தார். பிறகுதான் தெரிந்தது, டிக்கெட் கிடைக்காமல் எதிர்ப்பக்க டீக்கடையில் உட்கார்ந்திருந்தார் என்று. அன்றைக்கு வாத்தியார் சட்டம் போட்டார். போட்டவர் இன்றுவரை இம்மி விட்டுக்கொடுத்ததில்லை.

"நான் ஒண்ணு சொல்றேன்," என்றார் பல்லு. "இன்னைக்காவது அவனோடத முதலிடத்துல போட்டுருவோம். பள்ளிக்கூடக் கச்சேரிய."

"வழியெல்லாம் இதத்தான் சொல்லிட்டு வர்ற. முடியாது."

"செத்துக் கிடக்கான்டா!"

"தெரியுது." வாத்தியாரின் கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, குரல் மட்டும் அசையவில்லை. "பரிதாபத்துக்கு மார்க் போட்டா அவனுக்கே பிடிக்காது. முப்பத்தொரு வருஷமா கேக்கறேன், கூட யாருடா இருந்தாங்கன்னு. ஒரு பேரு சொல்லிருக்கானா?"

கையிலிருந்த தண்ணீர்ச் செம்பை அவள் ஜன்னலோரம் வைத்தாள்.

பள்ளிக்கூடக் கச்சேரி. அதை ஏன் இவர்கள் பேசுகிறார்கள்?

"எந்தக் கச்சேரிண்ணா?" என்று கேட்டாள்.

"அது ஒரு வேடிக்கை, தங்கச்சி," என்றார் தபால்காரர். "நாங்க மூணு பேரும் ஊரே திரண்ட ஒரு பெரிய கச்சேரிக்குப் போயிருந்தோம். இவன் வரல. ஒரு பள்ளிக்கூட ஹால்ல யாரோ பேர் தெரியாத ஒருத்தர் பாடினாராம். மொத்தம் முப்பது பேராம். மைக் வேற கரகரன்னு. ஆனா அதுதான் என் வாழ்க்கையிலயே பெஸ்ட்டுன்னு ஒரே பிடியா நிப்பான். அந்தப் பாடகர் அதுக்கு முன்னாடியும் யாருக்கும் தெரியாது, அப்புறமும் தெரியாது."

"என்ன பாடினார்னு கேட்டா அதுவும் சொல்ல மாட்டான்," என்றார் வாத்தியார். "ஒண்ணு மட்டும் சொல்வான். அன்னைக்குத் தாளமே போட முடியலையாம். வலது கைய அசைக்கவே முடியலையாம், ரெண்டு மணி நேரம். 'பாட்டு அவ்வளவு கட்டிப்போட்டுச்சா'ன்னு கேட்டா, 'ஆமா, கட்டித்தான் போட்டுச்சு'ன்னு சிரிப்பான்."



வலது பக்கம்தான் அவள் உட்கார்ந்திருந்தாள். அப்போது அவளுக்கு ரொட்டிக் கம்பெனியில் வேலை. விடிகாலை நான்கு மணிக்கு அடுப்பு முன்னால் நிற்க வேண்டும். வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை. அந்த வாரம் ஆள் பற்றாக்குறை என்று ஆறு நாளும் இரட்டை வேலை பார்த்திருந்தாள். ஆனாலும் அவர் கூப்பிட்டதும் தலை வாரி, நல்ல புடவை கட்டி, ஆசையாகத்தான் கிளம்பினாள். முதல் பாட்டில் பாடகர் குரலைச் சரிசெய்துகொண்டது நினைவிருக்கிறது. அதற்கப்புறம் ஒன்றும் இல்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் அவமானத்தில் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "உங்க ஃப்ரெண்ட்ஸ்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. காலத்துக்கும் சிரிப்பாங்க" என்றாள். "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்றார் அவர். அவ்வளவுதான். அந்தப் பேச்சை அவர் பிறகு எடுக்கவே இல்லை. மனத்தில் வைத்துக் குமைகிறார் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

இவர்களிடம் ஒரு பெயரைச் சொல்லியிருந்தால் போதும், அவர் கட்சி ஜெயித்திருக்கும். முப்பத்தொரு வருடம் கேலியை வாங்கிக் கட்டிக்கொண்டு, வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறார். அட பைத்தியக்கார மனுஷா, என்று அவளுக்கு நெஞ்சு பொங்கியது.

"நான் இருந்தேன்," என்றாள்.

மூவரும் திரும்பினார்கள்.

"கூட நான்தான் இருந்தேன். அந்தப் பள்ளிக்கூட ஹால்ல. அவருக்கு வலது பக்கம்."

வாத்தியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். நாற்பது வருடம் பிள்ளைகளை மிரட்டிய அதே நிமிர்வு.

"என்ன பாடினார், தங்கச்சி?"

"தெரியாதுண்ணா."

"ஒரு பாட்டாவது?"

"நான் தூங்கிட்டேன்." இதைச் சொல்ல இத்தனை காலம் பயந்தோமே என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. "மொதப் பாட்டுலயே தூங்கிட்டேன். அவர் தோள்மேல சாஞ்சு. அதான் அவரால கைய அசைக்க முடியல. யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு நான்தான் சத்தியம் வாங்கினேன்."

யாரும் சிரிக்கவில்லை. பல்லு எழுந்து ஜன்னல் பக்கம் போய்த் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"தூங்கினவங்க சாட்சி ஆவாங்களா?" என்று தபால்காரர் மெதுவாகக் கேட்டார். நிஜமான சந்தேகமாகத்தான் கேட்டார்.

"காது தூங்காது," என்றார் பல்லு திரும்பாமலே.

"டீக்கடைல உட்கார்ந்தவன் நீ பேசாத," என்றார் வாத்தியார். பிறகு அவளிடம், "எப்ப முழிச்சீங்க? முழிச்சப்ப என்ன கேட்டுச்சு?"

அவள் யோசித்தாள். "ஒண்ணும் கேக்கல. ஹால்ல யாருமே இல்ல. பாடினவர்கூடப் போயிட்டார். ஒருத்தர் நாற்காலிய மடக்கி அடுக்கிட்டிருந்தார், சத்தம் வராம, ஒவ்வொண்ணா. இவர் அவரப் பார்த்து மெதுவா, மெதுவான்னு இடது கையால ஜாடை காட்டிட்டு உட்கார்ந்திருந்தார். நான் அலறிப்புடைச்சு எழுந்து, 'ஏன் எழுப்பல'ன்னு கேட்டேன். 'இப்பதான் முடிஞ்சுது'ன்னார். வெளிய வந்து மணியப் பார்த்தா, முடிஞ்சு ஒரு மணி நேரம் ஆயிருந்துச்சு."

வாத்தியார் தலையைத் தாழ்த்திக்கொண்டார்.

"நான் ஒரு தடவ அவன்கிட்டக் கேட்டிருக்கேன்," என்றார் தபால்காரர். "தங்கச்சிய ஏன்டா கூட்டிட்டு வர்றதே இல்லன்னு. 'அவ மூணு மணிக்கு எழுந்திருக்கறவடா. என் பாட்டுக்காக அவ தூக்கத்தக் கெடுக்க நான் யாரு'ன்னான். அப்ப எனக்குப் புரியல."

வெட்கம் இல்லை. தன்னால் அவருக்கு வெட்கமே இருந்ததில்லை. ரொட்டிக் கம்பெனியிலிருந்து அவள் நின்றே ஆறு வருடம் ஆகிறது. அதற்கப்புறமாவது கூப்பிட்டிருக்கலாமே என்று ஒரு சின்னக் கோபம் வந்தது. தானாவது 'நானும் வரேன்' என்று சொல்லியிருக்கலாமே என்று அதைவிடப் பெரிதாக இன்னொன்று வந்தது. யார்மேல் அதைக் காட்டுவது?

"என்னடா சொல்ற?" என்று பல்லு வாத்தியாரைக் கேட்டார்.

வாத்தியார் எழுந்தார். கட்டிலருகே போய், மடித்துவிட்ட சட்டைக் கையை ஒருமுறை நீவிவிட்டார். "முதலிடம்," என்றார். "மழைக் கச்சேரி ரெண்டாவது." அதற்குமேல் நிற்க முடியாமல் வாசல் பக்கம் போய்விட்டார்.

மூன்று அடிக்கச் சில நிமிடம் இருக்கும்போது வண்டி வந்தது. மகள் எல்லாரையும் நகரச் சொல்லி வழி பண்ணினாள். அவள் மட்டும் நகராமல், நாற்காலியை இழுத்து அவருக்கு வலது பக்கம் போட்டுக்கொண்டாள்.

"ஒரு நிமிஷம் இருந்துட்டு வரேன்."

உட்கார்ந்ததும் கால்கள் கனத்தன. நேற்றிலிருந்து நின்றுகொண்டே இருந்த உடம்பு. அவள் முன்னால் சரிந்து அவர் தோளோரம் தலையை வைத்தாள். தேய்த்த துணியின் மணம் வந்தது. அழலாம் என்றுதான் கண்ணை மூடினாள்.

மகள் வந்து பார்த்தபோது அவளுடைய மூச்சு சீராக வந்துகொண்டிருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது.

"அம்மா..." என்று மகள் குனிந்தாள்.

"வேண்டாம்மா," என்றார் வாத்தியார். நேரம் தவறுவது என்றால் ஆகவே ஆகாதவர் அவர். "எழுப்பாத."

தபால்காரர் வெளியே போய் வண்டிக்காரரிடம் ஏதோ சொன்னார். வண்டிக்காரர் உள்ளே எட்டிப் பார்த்தார். பிறகு போய் இஞ்சினை நிறுத்தினார்.