ஆழமாகக் கீற வராதவர்கள்

1

என் தங்கை போனில் அழுதுகொண்டே சிரித்ததில் பிறந்தது இந்தக் கதை. அவள் எஃகு துருப்பிடிக்காமலிருக்கப் பூச்சு செய்கிறவள். சாதாரண பெயிண்ட் மூடுவதோடு சரி. இவளுடைய பச்சைப் பூச்சு மின்சாரம் கடத்தும் பாலிமர். கீறல் விழுந்த இடத்திலும் எஃகோடு மின்னூட்டத்தைக் கொடுத்து வாங்கி, துருவை அண்டவிடாத மெல்லிய தோலை வளர்க்கும். வளர்க்க வேண்டும், அங்கேதான் கதை.

2

முதல் தொடக்கம்: 'கடற்காற்று அந்த நகரத்துப் பாலங்களை மெல்ல…'

(அடித்துவிட்டேன். தங்கை பாலத்தில் இல்லை, ஜன்னலில்லாத ஆய்வுக்கூடத்தில் இருக்கிறாள்.)

இரண்டாவது: பூசிய தகட்டில் கத்தியால் பெருக்கல் குறி கீறி, உப்புநீர் மூடுபனி* அடிக்கும் பெட்டிக்குள் வைப்பார்கள். அவரவர் பூச்சை அவரவரே கீறுவது அங்கே வழக்கம். துரு வந்தால் இந்த ஆராய்ச்சியையே மூடிவிடுவதாக மேலாளர் சொல்லியிருந்தார்.

சில வாரங்கள் கழித்துத் திறந்தார்கள். துரு இல்லை. கைதட்டல், கேக்.

(முடிவு ஒன்று. இங்கேயே நிறுத்தியிருக்கலாம்.)

* கவிதை எதிர்பார்க்க வேண்டாம். உப்பு, தண்ணீர், சூடு, அவ்வளவுதான்.

3

கேக்கை மென்றபடி தங்கை பூதக்கண்ணாடியில் பார்த்தாள். கீறல் பூச்சோடு நின்றிருந்தது, எஃகைத் தொடவேயில்லை. சோதனை செல்லாது. உடனே எனக்குப் போன்.

"கை வரலண்ணா. பெத்த புள்ளைக்கு ஊசி போடுற மாதிரி இருந்துச்சு."

"மேலாளர்கிட்ட சொன்னியா?"

"வாயில கேக்கோடயே சொல்லிட்டேன். வேற ஆள வச்சுக் கீறுன்னாரு. நீ வா. உனக்குத்தான் இதுமேல பாசமே கிடையாதே."

4

புதுத் தகடு பூசித் தயாராக ஒரு மாதம் ஆனது. போனேன். கத்தியை வாங்கி நானும் மேலாகவே ஒரு கோடு இழுத்தேன். ஒரு மாதமாக இதைப் பற்றியே எழுதிக்கொண்டிருப்பவனுக்குப் பாசம் வராதா?

"அழுத்துண்ணா! தடவிக் குடுக்கவா கூப்பிட்டேன்?"

அழுத்தினேன். பச்சைக்கு நடுவே எஃகு பளிச்சென்று தெரிந்தது. நாங்கள் போட்ட கூச்சலில் பக்கத்து அறைக்காரர்கள் ஓடிவந்தார்கள். எந்தக் கதையை முடித்தும் எனக்கு இவ்வளவு சந்தோஷம் வந்ததில்லை.

5

அந்தத் தகடு பெட்டிக்குள் போய்ச் சில வாரங்கள் ஆகிவிட்டன. இன்று பெட்டியைத் திறக்கிறாள். துரு இல்லை என்று எழுதினால், தங்கைக்குச் சலுகை காட்டுகிறான் என்பீர்கள். துரு என்று எழுதினால் அவள் வீட்டுப் பக்கம் சாப்பிடப் போக முடியாது. ஆகவே நீங்களே போய்ப் பாருங்கள். கீறலை நன்றாகக் குனிந்து பாருங்கள், அவள் முகத்தைப் பார்க்காதீர்கள். பார்த்ததை உள்ளது உள்ளபடி அவளிடம் சொல்லிவிடுங்கள். அவள் தாங்கிக்கொள்வாள்.

எனக்கு மட்டும் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்.