ஜாமீனுக்கு ஒரு விலாசம்

கோட்டுக்குள் பாஸ்போர்ட்டை வைத்துத் தைப்பது ஒரு தையற்காரிக்குப் பெரிய வித்தையில்லை. தைத்து முடித்துவிட்டு, "ஐயோ, காணோமே!" என்று புருஷனோடு சேர்ந்து கட்டிலுக்கடியில் குனிந்து தேடினாளே, அதுதான் வித்தை. கப்பலில் சமையல்காரனான அவன் விடுப்பு முடிந்து கிளம்ப இருந்தான். இந்த ஒரு தடவை போகாமல் இருக்கட்டுமே என்று அவளுக்கு ஆசை. வாங்க ஆள் வராமல் கடையில் தொங்கிக்கொண்டிருந்த ஒரு கோட்டின் உள்துணியைப் பிரித்து, உள்ளே வைத்து மூடிவிட்டாள். ஆசை நியாயம்தான், செய்த காரியம் மடத்தனம்.

கப்பல் போய்விட்டது. கப்பலுக்கு ஆள் அனுப்பும் ஏஜெண்ட், "குடிச்சிட்டு எங்கயாவது தொலைச்சிருப்பே" என்று நாலு பேர் முன்னால் சொல்லவும், குடிக்காத மனுஷனுக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. பிடித்துத் தள்ளினான். ஏஜெண்ட் கண்ணாடி மேஜைமேல் விழுந்து கை கிழிந்தது. வழக்கு, கைது, சிறை.

போலீஸ் வந்து வீட்டைச் சல்லடை போட்டுச் சலித்தது. பாஸ்போர்ட் எங்கே என்று கேட்டதற்கு "தெரியாதுங்க" என்றான் அவன். சத்தியமான பதில். யார் நம்புவார்கள்? கப்பல்காரன், ஒளித்து வைத்திருக்கிறான், வெளியே விட்டால் கடல் தாண்டிவிடுவான் என்று அரசு வக்கீல் வாதாட, முதல் ஜாமீன் மனு தள்ளுபடியானது. அன்றைக்கே அவள் வாயைத் திறந்திருக்க வேண்டும். பயம் விடவில்லை. இத்தனையும் தன்னால்தான் என்று தெரிந்தால் அவன் தன் முகத்தில் விழிப்பானா?

இரண்டாவது மனு விசாரணைக்கு வந்த அன்று, கோட்டைக் கையில் போட்டுக்கொண்டு நீதிமன்றத்துக்கு வந்தாள். வாசலில் சோதனை போட்ட காவலர் பையிலிருந்த கத்தரிக்கோலை வாங்கி வைத்துக்கொண்டார்.

அரசு வக்கீல் மாஜிஸ்திரேட் அம்மாவிடம் பழைய பாட்டையே பாடினார். "இன்னிவரைக்கும் பாஸ்போர்ட்டை மறைச்சுத்தான் வச்சிருக்கார்..."

"அவர் மறைக்கலீங்கம்மா! நான்தான்!" என்று பின்வரிசையிலிருந்து எழுந்துவிட்டாள் அவள்.

அவர்களுடைய வக்கீல் தலையில் கை வைத்தார். கூண்டில் நின்றவன் முகத்தில் ஈயாடவில்லை. மாஜிஸ்திரேட் அம்மா மூக்குக்கண்ணாடியை இறக்கிப் பார்த்து, "முன்னால வாங்க. எங்க இருக்கு?" என்றார்.

கத்தரி இல்லை. கோட்டின் ஓரத்தை வாயில் வைத்துப் பல்லால் நூலைக் கடித்தாள். நல்ல தையல், லேசில் விடவில்லை. தன் கைத்திறமையை அவள் திட்டியது அன்றைக்குத்தான். ஒருவழியாகப் பாஸ்போர்ட் மேஜைமேல் விழுந்தபோது பெஞ்சில் யாரோ சிரித்துவிட்டார்கள்.

"கப்பலுக்குப் போகக் கூடாதுன்னு நினைச்சேம்மா. ஜெயிலுக்குப் போவார்னு நினைக்கல," என்று அழுதாள்.

அரசு வக்கீல் விடவில்லை. "குத்தம் சின்னதில்லீங்க அம்மா..."

"செஞ்சாரா இல்லையான்னு விசாரணையில பாப்போம். தண்டனைய இப்பவே ஆரம்பிக்க முடியாது. கூப்பிட்டா வருவாரா, சாட்சிய மிரட்டாம இருப்பாரா, அதுதான் இன்னிக்குக் கேள்வி," என்ற மாஜிஸ்திரேட் கூண்டின் பக்கம் திரும்பினார். "வெளிய விட்டா எந்த விலாசத்துல இருப்பீங்க? யோசிச்சுச் சொல்லுங்க. தேடினா அங்க இருக்கணும்."

அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவனுக்கு அண்ணன் வீடு இருக்கிறது. அண்ணி முகம் சுளிக்காமல் இடம் கொடுப்பாள். அங்கே போகிறேன் என்று சொன்னால், வேண்டாம் என்று சொல்ல இவளுக்கு எங்கே வாய் இருக்கிறது?

அவன் அவளையே பார்த்தான். கோபம்தான், கண் சிவந்திருந்தது.

"தையல் கடை மாடிங்க," என்றான் கடைசியில். "எங்க வீடு."

பாஸ்போர்ட் நீதிமன்றத்தில் இருக்கும், வாரம் ஒரு தடவை காவல் நிலையத்தில் கையெழுத்துப் போட வேண்டும், ஏஜெண்ட் இருக்கும் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கக் கூடாது. ஜாமீன் கிடைத்துவிட்டது.

காகித வேலைக்காகக் காவலர் அழைத்துப் போகையில், அவள் நின்ற இடத்தைத் தாண்டும்போது பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான்: "இரு, வீட்டுக்கு வந்து வச்சுக்கறேன் கச்சேரிய."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவன் வாயிலிருந்து இதைவிட இனிமையான வார்த்தையை அவள் கேட்டதேயில்லை.

"வாங்க," என்றாள்.