இரண்டு ஷாட்டுக்கு நடுவே

ஓசூர்ப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றின் பயிற்சிப் பிரிவில் வீடியோ வெட்டி ஒட்டுவது ஜெயப்ரியாவின் வேலை. ஊத்தங்கரைப் பெண், விஸ்காம் படித்தவள். இரண்டு ஷாட்டை அடுத்தடுத்து வைத்தால் இரண்டிலும் இல்லாத மூன்றாவது அர்த்தத்தைப் பார்க்கிறவனே உண்டாக்கிக்கொள்வான் என்று மான்டேஜ் பரீட்சையில் ஐந்து பக்கம் எழுதியிருந்தாள்.

தகடு அழுத்தும் பிரஸ் மெஷினில் தொழிலாளி திம்மப்பனின் வலது கை நசுங்கிய மூன்றாம் நாள், எச்ஆர் மேனேஜர் குருமூர்த்தி அவளைக் கூப்பிட்டார்.

“ரெண்டு நிமிஷத்துல ஒரு சேஃப்டி படம் வேணும்மா. எல்லா ஷிஃப்டுக்கும் போட்டுக் காட்டணும்.”

கேமராப் பதிவுகளிலிருந்து அவரே இரண்டு ஷாட்டைக் காட்டினார். முதலில், மெஷின் ஓரமாக நின்று திம்மப்பன் போனில் பேசிச் சிரிக்கிறான். அடுத்தது, பிரஸ் இறங்குகிறது. நிஜத்தில் இரண்டுக்கும் நடுவே இருபத்திரண்டு நிமிடம்.

“மூலையில ஓடுற அந்த டைம் நம்பர எடுத்துடும்மா. அசிங்கமா இருக்கு.”

எடுத்தாள். அப்போது அது வெறும் வேலையாகத்தான் இருந்தது.

ஹாலில் படம் ஓடி முடிந்ததும் நூற்றைம்பது பேர் ‘ச்சே’ என்றார்கள். “போன் பேசிக்கிட்டே கைய உட்டுருக்கான் பாரு” என்றது ஒரு குரல். படத்தில் எங்குமே இல்லாத ஒன்றை அத்தனை பேரும் கண்ணால் பார்த்திருந்தார்கள்.

ஜெயப்ரியா இருக்கைக்கு ஓடிப்போய், தொடாமல் விட்டிருந்த ஐந்தாவது கேமராவைத் திறந்தாள். ஷிஃப்ட் தொடக்கத்தில் சூப்பர்வைசர் சிவராஜ் மெஷினின் முன்தடுப்பைக் கழற்றிச் சுவரில் சாய்க்கிறார். தடுப்பு இல்லாவிட்டால் உருப்படி வேகமாக வரும். கையும் தாராளமாக உள்ளே போகும். பென்டிரைவில் ஏற்றிக்கொண்டாள். மறுநாள் காலை அந்தப் பதிவு கம்ப்யூட்டரில் இல்லை. யாரும் எதுவும் கேட்கவில்லை. குருமூர்த்தி மட்டும் கேன்டீனில் எதிரே வந்து உட்கார்ந்து, “அப்பா ஊர்ல தனியாதான இருக்காரு?” என்று அக்கறையாக விசாரித்தார்.

ஞாயிறு மத்தியானம் டவுன் பஸ் பிடித்து மத்திகிரிக்குப் போனாள். வாடகை வீட்டுக் கட்டிலில் கிடந்த திம்மப்பன் அவளைக் கண்டதும் எழப் பார்த்தான்.

“மன்னிச்சிக்கோங்க மேடம். என்னால கம்பெனிக்கே கெட்ட பேரு.”

“நீங்க என்னண்ணா பண்ணீங்க?”

“போன் பேசிக்கிட்டே கைய உட்டுட்டேன். ஆஸ்பத்திரியில ஒண்ணுமே ஞாபகம் இல்லீங்க. எச்ஆர் சார் வந்து படத்தப் போட்டுக் காட்டுனாரு. பாத்ததும் அப்படியே ஞாபகம் வந்துடுச்சு. என் தப்புதான்னு எழுதியும் குடுத்துட்டேன்.”

அவன் மனைவி கெம்பம்மா குறுக்கிட்டாள். “எங்கிட்டதான் பேசுனாரு. அது டீ டைம்ல. பேசிட்டு வெச்சிட்டாரே!”

“உனக்கென்னடி தெரியும்? நானே என் கண்ணால பாத்தேன்.”

“அந்தப் படத்த ஒட்டுனதே நான்தாண்ணா” என்றாள் ஜெயப்ரியா. லேப்டாப்பைத் திறந்து ஐந்தாவது கேமராவை ஓடவிட்டாள். சிவராஜ் தடுப்பைக் கழற்றிச் சாய்த்தார். அவள் வேகமாக ஓட்டி, விபத்துக்குச் சற்று முன்னால் விட்ட இடத்தில், சட்டைப் பையில் போனோடு திம்மப்பன் மெஷின் பக்கம் குனிந்தான்.

கட்டிலில் இருந்தவன் எழுந்து உட்கார்ந்தான்.

“இது வேற யாரோ. நான் இல்ல. நிறுத்துங்க!” இடக்கையால் லேப்டாப்பை அறைந்து மூடினான்.

கெம்பம்மா பென்டிரைவை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

“லேபர் ஆபீஸ் நாளைக்குத் தொறப்பாங்கல்லம்மா?”

“தொறப்பாங்கக்கா. நானும் வரேன்.”

புகார் பதிவானது. அந்த வாரமே ஜெயப்ரியாவின் வேலை போனது. விசாரணை நாளில் அவளும் கெம்பம்மாவும் லேபர் ஆபீஸ் வராந்தாவில் ஒரு பக்க பெஞ்சில் காத்திருந்தார்கள். கம்பெனிக் காரிலிருந்து குருமூர்த்தியும் சிவராஜும் இறங்கினார்கள். அவர்களுக்கு நடுவே, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, திம்மப்பன் இறங்கினான். எதிர் பெஞ்சில் போய் உட்கார்ந்தான். கடைசிவரை மனைவி பக்கம் திரும்பவே இல்லை.