தண்ணீர் இல்லாத குவானின்

பதினொரு வாரம், ஒன்பது கம்ப்யூட்டர், ஓயாமல் ஓடிய ஒரு ஏ.சி. இத்தனையையும் வைத்துக்கொண்டு கல்லூரி ஆசிரியர் புகழேந்தி ஆராய்ந்தது, தண்ணீர் சூழ்ந்த டி.என்.ஏ.வில், அதன் நாலு எழுத்துகளில் ஒன்றான குவானின் எப்படி ஆக்சிஜனேற்றம் அடைகிறது, அதாவது எலக்ட்ரானை இழக்கிறது என்பதை. தண்ணீரைப் போட மட்டும் மறந்துவிட்டார்.

இணையத்திலிருந்து இறக்கி எடுக்கும் டி.என்.ஏ. கோப்பில் பழைய தண்ணீர் மூலக்கூறுகள் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வரும். அவற்றை அழித்துவிட்டு, புதுத் தண்ணீரை நாலு பக்கமும் நிரப்பி, பிறகுதான் கணக்கை ஓடவிட வேண்டும். இந்தத் துறையில் காலடி வைக்கிற எல்லோரும் செய்வதுதான். புகழேந்தி பழையதை அழித்தார். அந்த நேரம் பார்த்து எக்ஸாம் ஹால் டியூட்டிக்குக் கூப்பிட்டார்கள். மூன்று மணி நேரம் மாணவர்களை முறைத்து, ஒருவனிடம் "கேள்விய முழுசா படிச்சிட்டு எழுதுப்பா" என்று அறிவுரையும் சொல்லி, டீ குடித்துத் திரும்பியவர், எல்லாம் நிரப்பியாயிற்று என்ற முழு நம்பிக்கையோடு ரன் கொடுத்தார்.

குவானினிடமிருந்து ஓர் எலக்ட்ரானைப் பிடுங்க, உலகம் சொன்னதைவிட மிக அதிகமான ஆற்றல் தேவை என்று விடை வந்தது. வேறு யாராக இருந்தாலும் எங்கேயோ தப்பு என்று சந்தேகப்பட்டிருப்பார்கள். புகழேந்தி, கண்டுபிடிப்பு என்று சந்தோஷப்பட்டார். கருத்தரங்கில் வாசித்தார். சிறந்த கட்டுரை என்று சான்றிதழ் கொடுத்தார்கள். அந்தப் பிரிவில் வாசித்தவர்கள் மொத்தம் இரண்டு பேர். இன்னொருவர் உயிரியல் என்று நினைத்துத் தவறிப்போய் வந்தவர்.

சான்றிதழைப் பார்த்த அவர் மனைவி அமலாவின் தம்பி சவுரிராயன், கூட்டேரிப்பட்டு ஜங்ஷனில் பத்துக்கு எட்டில் பிளெக்ஸ் கட்டிவிட்டான். 'டி.என்.ஏ.வுக்குத் துருப்பிடிக்காது என நிரூபித்த எங்கள் வீட்டு மாப்பிள்ளை'. பக்கத்தில் டி.என்.ஏ. படம், வலப்பக்கம் முறுக்க வேண்டியது இடப்பக்கம் முறுக்கியிருந்தது. தினமும் அந்த வழியே போன பஸ்களில் அதைக் கவனித்த ஒரே ஜீவன் புகழேந்திதான். தன் முகம் நன்றாக விழுந்திருந்ததால் அவரும் சும்மா இருந்துவிட்டார்.

வியாழக்கிழமை, திங்கட்கிழமை ஆய்வுக் கமிட்டிக்கான ஸ்லைடுக்காகப் படம் தயார் செய்தபோதுதான் விஷயம் தெரிந்தது. டி.என்.ஏ. துடைத்துவிட்டாற்போலப் பளிச்சென்று நின்றது. சுற்றிலும் ஒரு பொட்டுத் தண்ணீர் இல்லை. 'என்ன அழகான படம்' என்று ஒரு நிமிடம் ரசித்தார். இரண்டாவது நிமிடம் வியர்த்தது.

பி.எச்டி. பதிவு டிசம்பரோடு முடிகிறது. தண்ணீரோடு திரும்ப ஓட்டினால் கணக்கு பல மடங்கு நீளும்; ஒரு வருட நீட்டிப்பு வேண்டும். அதற்கு விழுப்புரத்தில் இருக்கும் கைடு கலைமதி மேடம் கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் பட்டம் இல்லை. பட்டம் இல்லாவிட்டால் ஜூனோடு திண்டிவனத்துக் கல்லூரி வேலையும் இல்லை. மேடமோ ஆறு வருடமாக எதைக் கேட்டாலும் ஒரே பதில்தான் சொல்வார்: "பாக்கலாம்." அதற்குள் சரி, இல்லை, வெளியே போ ஆகிய மூன்றும் இருக்கும். எது என்பதை நாம்தான் யூகித்துக்கொள்ள வேண்டும்.

சனிக்கிழமை காலை திண்டிவனத்தில் பஸ் ஏறியவர் கூட்டேரிப்பட்டில் இறங்கினார். சவுரிராயன் தன் செல்போன் கடையைத் திறந்துகொண்டிருந்தான்.

"சவுரி, அந்த பிளெக்ஸ கழட்டிடு."

"ஏன் மாமா? மூஞ்சி சரியா வுழலியா?"

"மூஞ்சிதான் சரியா வுழுந்துக்கீது. மத்ததெல்லாம் தப்பு."

எலக்ட்ரான் என்று ஆரம்பித்தால் சவுரிராயன் கொட்டாவி விடுவான். அதனால் புகழேந்தி வேறு மாதிரி சொன்னார். "குவானின்னா ஒரு ஆளுன்னு வச்சிக்கோ. எலக்ட்ரான் அவன் பல்லு. சுத்தி நிக்கிற தண்ணிங்கதான் சொந்தக்காரங்க. பல்ல புடுங்குனா எடம் புண்ணாவும் இல்ல? சொந்தக்காரங்கல்லாம் அவன் பக்கம் திரும்பி, கைய புடிச்சி, தாங்கிக்குவாங்க. அதனால பல்லு சுலுவா வந்துடும். தண்ணிக்குள்ள குவானின் சுலுவா எலக்ட்ரான வுட்டுடும். அதான் நெசம்."

சவுரிராயன் யோசித்தான். "அப்ப நீ என்னா பண்ண? சொந்தக்காரங்கள எல்லாம் வெளிய தள்ளி கதவ சாத்திட்டு, பல்லு வரமாட்டுது, பல்லு வரமாட்டுதுன்னு ஊருக்கே சொல்லிக்கினு இருந்திருக்க."

ஆறு வருட ஆராய்ச்சியை இவ்வளவு சுருக்கமாக யாரும் சொன்னதில்லை. முன்னுரையில் போடலாமா என்று புகழேந்திக்குத் தோன்றியது.

"சொல்லாம வுட்டா என்னா மாமா? எவன் கண்டுபுடிக்கப் போறான்?"

அதைத்தான் இரண்டு நாளாக அவரும் தனக்குள் கேட்டுக்கொண்டிருந்தார். "எனக்கு தெரியுதே. விழுப்புரம் போவும்போதெல்லாம் அந்த பிளெக்ஸ தாண்டிதான போயாவணும்."

சவுரிராயன் ஷட்டரைத் திரும்ப இறக்கினான். கம்பத்தில் ஏறிக் கயிற்றை அறுத்து, பிளெக்ஸைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு, விழுப்புரம் பஸ்ஸில் அவரோடு ஏறிவிட்டான்.

"நீ எதுக்குடா?"

"பல்லு புடுங்க தனியாவா போவ?"

விக்கிரவாண்டி டோல்கேட்டில் பஸ் நின்றபோது, இறங்கி ஓடிவிடலாமா என்று புகழேந்தி பார்த்தார். ஜன்னல் ஓரத்தில் சவுரிராயன், வழிப் பக்கத்தில் சுருட்டிய பிளெக்ஸ். தன் முகத்தைத் தாண்டித்தான் தப்பிக்க வேண்டும் என்பதால் உட்கார்ந்துவிட்டார்.

கலைமதி மேடம் அறையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். புகழேந்தி உட்காரவில்லை. வரும் வழியெல்லாம் ஒத்திகை பார்த்த நாலு பாராவும் வாசலிலேயே மறந்துபோயின.

"மேடம், தண்ணி போடல."

மேடம் நிமிர்ந்தார். மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு தாளை எடுத்து முன்னால் வைத்தார். கருத்தரங்கில் புகழேந்தி வாசித்த கட்டுரை. அந்தப் பெருமைக்குரிய எண்ணைச் சுற்றிப் பென்சிலில் ஒரு வட்டம், பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.

"தண்ணி இல்லாத தனி குவானினோட நம்பர் மாதிரி இருக்கேன்னு பார்த்தேன். திங்கக்கிழமை கமிட்டி முன்னாடி கேக்கலாம்னு இருந்தேன்" என்றார். "நீங்களா கண்டுபிடிச்சீங்களா, யாராவது சொன்னாங்களா?"

"நானேதான் மேடம். படம் ரொம்ப அழகா இருந்துச்சு. அதுலதான் சந்தேகம் வந்துது."

மேடத்தின் உதட்டோரம் ஏதோ அசைந்தது. சிரிப்பாகவும் இருக்கலாம், பல்வலியாகவும் இருக்கலாம். அவர் பார்வை புகழேந்தியைத் தாண்டிக் கதவுக்குப் போனது. அங்கே சுருள் அவிழ்ந்த பிளெக்ஸில் புகழேந்தியின் பாதி முகமும், அதற்கு மேலே சவுரிராயனின் முழு முகமும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன.

"அது யாரு?"

"மச்சான் மேடம். தனியா போவ வேணாம்னு கூட வந்துட்டான்."

பையிலிருந்து நீட்டிப்புப் படிவத்தை எடுத்து மேசையில் வைத்தார். "எல்லாத்தையும் தண்ணியோட திரும்ப ஓட்டணும் மேடம். ஒரு வருஷம் ஆவும். கையெழுத்துப் போடுவீங்களா?"

கேட்டு முடிப்பதற்குள், 'பாக்கலாம்' என்ற பதிலை மனதுக்குள் எழுதி, அதன் மூன்று அர்த்தங்களில் மோசமானதைத் தேர்ந்தெடுத்து, கும்பிட்டுவிட்டுக் கிளம்பவும் தயாராகிவிட்டார்.

மேடம் சிவப்புப் பேனாவை வைத்துவிட்டு நீலப் பேனாவைத் தேடினார்.

"போடுறேன்" என்றார்.